சம்பந்தி அனுப்பிய கஷாயமும் என் முதுகெலும்பும்

மாசான்,
குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு முடித்த மறுவாரம்.

பெருமதிப்பிற்குரிய ஆந்தோங் சம்பந்தி குவோன் தே-ஹியொன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மருமகள் யுன்-சொல்லைப் பெற்ற பியோ ஜே-குவான் நெற்றி தரையில் படக் குனிந்து எழுதிக்கொள்வது. (குனியவே கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டிருப்பதால் மேற்படி குனிதல் மனத்தளவில் மட்டுமே நடைபெறுகிறது. தாங்கள் அதை முழுக் குனிதலாகவே பாவித்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.)

இவ்விடம் நானும் யுன்-சொல் அம்மாவும் சௌக்கியம். என் முதுகெலும்பு மட்டும் எங்களோடு சேராமல் தனியாகச் சௌக்கியம் அடைந்துகொண்டிருக்கிறது. அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாவும் முன்னோர்கள் புண்ணியத்தில் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த வருஷப் படையலுக்கு யுன்-சொல் வார்த்த அடைகள் ஓரம் கருகாமல் இருந்தன என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அன்று முழுக்க இங்கே அதே பேச்சுதான். "ஆந்தோங் வீட்ல நல்ல பேர் வாங்குறது லேசுப்பட்ட காரியமா? என் பொண்ணு வாங்கிட்டா!" என்று என் மனைவி மீன்காரி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சம்பந்திகளுக்குள் டெலிபோனில் பேசுவது மரியாதைக் குறைவு என்று தாங்கள் கருதுவது எனக்குத் தெரியும். ஆகையால் கடிதம். நேரில் வரலாம் என்றால் அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார எனக்கு இன்னும் அனுமதி இல்லை. உண்மையைச் சொல்லப்போனால், அனுமதி இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். தங்கள் முகத்துக்கு நேரே இதைச் சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.

விஷயம் தாங்கள் போன வாரம் அனுப்பிவைத்த இரண்டாவது கஷாயப் பெட்டியைப் பற்றியது. பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. கட்டியிருந்த பச்சைப் பட்டுத்துணியை மடித்து என் மனைவி அலமாரியில் வைத்துவிட்டாள். பெட்டி சமையலறை மேசையில் இருக்கிறது. நாங்கள் அதற்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதைக் குடித்தால் என் முதுகை ஆபரேஷன் செய்த டாக்டர் பாங் என்னைத் தொலைத்துவிடுவார். ஏற்கெனவே ஒருமுறை தொலைத்தார், அதைக் கீழே விவரிக்கிறேன். குடித்து ஏடாகூடமாகி, வைத்த எலும்பு ஒட்டாமல் போனால் வசந்தகாலத்தில் மறுபடி முதுகைத் திறப்பார்களாம். குடிக்கவில்லை என்று தெரிந்தால் தங்கள் மனம் புண்படும். தங்கள் மனம் புண்பட்டால் என் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது முதுகெலும்பு என்று ஒன்று இல்லை, ஆபரேஷன் செலவும் இல்லை.

ஆதியிலிருந்து சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். நான் ஓட்டுநர் உரிமத் தேர்வாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. வேலைக்காலம் முழுவதும் தெரியாதவர்கள் ஓட்டிய வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலதுகாலால் மிதித்து மிதித்தே என் இடுப்பு போய்விட்டது என்பது என் கட்சி. டாக்டர் பாங் அதை ஒப்புக்கொள்வதில்லை. வயசானால் நரம்பு போகும் சந்து சுருங்கும், அவ்வளவுதான் என்கிறார். எப்படியோ, போன கோடையில் வீட்டிலிருந்து மீன் சந்தைக்குப் போவதற்குள் வழியில் இருக்கும் ஒவ்வொரு கடை வாசலிலும் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டு எலும்பை ஆணி போட்டு இணைத்து நடுவில் எலும்புத்தூள் வைப்பது என்று முடிவாகி, தேதியும் குறித்தார்கள். இந்தச் செய்தியை யுன்-சொல் தங்களிடம் சொல்ல, மறுநாளே தங்கள் முதல் பெட்டி புறப்பட்டுவிட்டது. மான் கொம்பு, ஜின்செங் வேர், சீமைக் கிழங்கு, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத பலதையும் போட்டுத் தங்கள் ஊர் வைத்தியர் காய்ச்சிய கறுப்புக் கஷாயம், பாக்கெட் பாக்கெட்டாக. கூடவே தங்கள் தூரிகை எழுத்தில் ஒரு கடிதம். அந்த எழுத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி முதுகு நிமிர்ந்துவிட்டது.

ஒரு பாக்கெட்டைச் சுடவைத்துக் குடித்தேன். சம்பந்தி, கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. நாக்கு தனக்கு இந்த உடம்பில் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குடித்த கையோடு தங்களுக்கு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னும் முழுங்கினது வயித்துக்குப் போய்ச் சேரலை. அதுக்குள்ள 'கால் ரெண்டும் பந்தயக் குதிரைக் கால் மாதிரி ஆயிடுச்சு'ன்னு எழுதுறீங்க?"

"ஆந்தோங்காரருக்கு எழுதுற நன்றிக் கடிதம் பலன் தெரியறவரைக்கும் காத்துக்கிட்டிருக்கக் கூடாதுடி. லேட்டாப் போனா அதுவே அவமரியாதை."

"சரி, எழுதித் தொலைங்க. ஆனா எழுதின பிறகு குடிச்சே ஆகணும். சம்பந்தி வீட்டுச் சாமான். ஒரு சொட்டு மிச்சம் வெச்சாலும் அங்க தெரிஞ்சுடும். அந்தக் குடும்பத்துக்கு எட்டுத் திக்குலயும் காது."

மன்னிக்க வேண்டும், அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். தங்கள் குடும்பத்தின் காதுகளைப் பற்றி அவளுக்கு மரியாதை அதிகம் என்பதே கருத்து.

குடித்தேன். வேளை தவறாமல் குடித்தேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றும் பெட்டியில் மிச்சமிருந்ததைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். அங்கே நர்ஸ் மா என்று ஒரு பெண். கெட்டிக்காரி, ஆனால் சிரிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை போலும். அவள் என் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாள். "ஐயா, வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்லம்மா."

"ரத்தம் உறையாம இருக்குறதுக்கு?"

"ஆஸ்பிரின் போட்டுக்கிட்டிருந்தேன். டாக்டர் நிறுத்தச் சொன்னன்னைக்கே நிறுத்தியாச்சு."

"நல்லது. மூலிகை, சத்து மாத்திரை, டானிக்கு, அந்த மாதிரி?"

"ஒண்ணும் கிடையாதும்மா. சுத்தம்."

நான் பொய் சொல்லவில்லை, சம்பந்தி. அதாவது, அப்போது அது எனக்குப் பொய்யாகப் படவில்லை. மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுப்பது. மீனெண்ணெய் மாத்திரை எங்கள் யுன்-சொல் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது, அது பாசம். கிங்கோ இலை மாத்திரை பழைய ஆபீஸ் நண்பர்கள் கொடுத்தது, அது நட்பு. தங்கள் கஷாயம் மரியாதை. பாசத்தையும் நட்பையும் மரியாதையையும் கொண்டுபோய் நர்ஸிடம் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொன்னால் நன்றாகவா இருக்கும்? நம் ஊரில் என் வயசுக்காரன் எவனும் சொல்ல மாட்டான். இன்னொன்றும் உண்டு. சொன்னால் பிடுங்கிக்கொள்வாள். பிடுங்கிக்கொண்டால் அதைத் தங்களுக்கு எழுத வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை.

குட்டு வெளிப்பட்டது வாசனையால். மறுநாள் காலை ஆபரேஷன். அன்று சாயங்காலம் வார்டுக் கோடியில் வெந்நீர் பிடிக்கும் இடத்தில் ஒரு கிண்ணத்தில் பாக்கெட்டை மிதக்கவிட்டுக் காவல் நின்றேன். அது லேசாகக் கசிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வார்டு முழுக்க மணம் கிளம்பிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் தாக் அண்ணன், சிப்பி வளர்ப்பவர், வாய்க்குப் பூட்டே இல்லாதவர், படுத்த இடத்திலிருந்தே கூவினார். "அடடடா! மான் கொம்பு! அசல் சரக்கு! எவன்டா அந்தப் புண்ணியவான்? தம்பி ஜே-குவான், உன் பக்கத்துலேர்ந்துதானே வருது? அண்ணனுக்கு ஒரு வாய் கிடையாதா?"

நர்ஸ் மா வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது யாரோடது?" என்றாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்த இடத்தில் என்னையும் கிண்ணத்தையும் தவிர யாருமில்லை.

டாக்டர் பாங்கே நேரில் வந்தார். கூட மயக்க மருந்து டாக்டரும். என் பையைக் கட்டில்மேல் கொட்டிப் பார்த்தார்கள். பாசம், நட்பு, மரியாதை மூன்றும் வரிசையாகப் போர்வைமேல் கிடந்தன. வார்டே தலைதூக்கிப் பார்த்தது.

"ஐயா," என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "முதுகெலும்புக்குள்ள நரம்பு போற சந்து எவ்வளவு தெரியுமா? சுண்டுவிரல் நுழைஞ்சா பெருசு. இது அத்தனையும் ரத்தத்தை இளக்குற சமாச்சாரம். ஒண்ணொண்ணாப் போட்டாலே யோசிப்போம், நீங்க கூட்டணியே வெச்சிருக்கீங்க. நாளைக்கு நான் திறந்து மூடின பிறகு ரத்தம் நிக்காம கசிஞ்சு, அந்தச் சந்துல கட்டிக்கிட்டு நரம்பை நசுக்கினா? கால் போகும். ஒண்ணுக்குப் போறது கூட உங்க கையில இருக்காது. நாங்க கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"சுத்தம்னு சொன்னேன்."

"நீங்க லைசென்ஸ் டெஸ்ட் எடுத்தவர்தானே? கண்ணாடியைப் பார்க்காமயே வண்டியை எடுக்கிறவனை என்ன பண்ணுவீங்க?"

"பெயில் போடுவேன் டாக்டர்."

"போட்டாச்சு. வீட்டுக்குப் போங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

ஆபரேஷன் தள்ளிப்போனதற்கு, டாக்டர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டார் என்று யுன்-சொல் தங்களிடம் சொல்லியிருப்பாள். சொல்லச் சொன்னது நான்தான், அவள்மேல் பிழையில்லை. டாக்டர் எந்த மாநாட்டுக்கும் போகவில்லை. இங்கேயேதான் இருந்தார், என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு. அந்த இரண்டு வாரமும் என் மனைவி ஒரு மிளகு கூட என்னைக் கேட்காமல், டாக்டரைக் கேட்டுத்தான் சூப்பில் போட்டாள்.

இரண்டாம் முறை போனபோதும் அதே வார்டு, பக்கத்தில் அதே தாக் அண்ணன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரத்தம் சொன்ன பேச்சைக் கேட்டது. கண் விழித்ததும் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வலித்தால் அழுத்த வேண்டும், மருந்து தானாக இறங்கும். இங்கேதான் என் வளர்ப்பு குறுக்கே வந்தது. ஆண்பிள்ளை வலி பொறுக்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். சும்மா சும்மா அழுத்தினால் மற்றவர்களுக்கு மருந்து தீர்ந்துவிடுமோ என்று வேறு ஒரு சங்கடம். பொத்தானைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மரக்கட்டை போலக் கிடந்தேன். எழுந்து நட என்றால் முடியவில்லை. மூச்சைக்கூட இழுத்துவிடவில்லை, இழுத்தால் வலிக்கும்.

நர்ஸ் மா பொத்தானைத் தேடி எடுத்து என் கையில் திணித்தாள். "ஐயா, வலி பொறுத்தா யாரும் இங்க மெடல் குடுக்கிறதில்ல. வலி இருந்தா நடக்க மாட்டீங்க. நடக்கலைன்னா சளி கட்டும், காலுக்குள்ள ரத்தம் கட்டும். இந்த மருந்து தூங்கறதுக்கு இல்ல, நடக்கறதுக்கு. அழுத்துங்க."

அழுத்தினேன். வலி விட்டது. இத்தனை நாளாக இதைத் தெரியாமல் இருந்தோமே என்று தோன்றியது. அப்புறம் கொஞ்சம் ஆசையாகவே அழுத்தினேன். மெஷின் ஓர் அளவுக்குமேல் கொடுக்காதாம், ஆனால் என் வயசுக்கு அந்த அளவே தாராளம். மத்தியானம் நான் எழுந்து உட்கார்ந்து, சக்கர நாற்காலியில் கழிப்பறையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த தாக் அண்ணனை நிறுத்தி, "இடதுபக்கம் திரும்பறப்ப சிக்னல் போடலை. நடைபாதைக் கோட்டுல நிக்கலை. பெயில். அடுத்த மாசம் வாங்க" என்றேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் அண்ணன் மனசு விட்டுப்போயிற்று. "இருபது வருஷமா சிப்பி லாரி ஓட்டின என்னைப் பார்த்துப் பெயிலுங்கிறானே!" என்று அவர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. டாக்டர் மருந்தைக் குறைத்தார். வயசானவங்களுக்கு இப்படித் தலை குழம்பறது உண்டு, குறைச்சா சரியாயிடும் என்று என் மனைவியிடம் சொன்னார். "அவருக்கு இது வியாதி இல்ல டாக்டர், வீட்ல எப்பவும் இப்படித்தான்" என்றாள் அவள்.

அந்த மருந்தில் இன்னொரு குணமும் உண்டு, சம்பந்தி. சபையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அது வலியைக் கட்டுவதோடு வயிற்றையும் கட்டிவிடும். முக்கக் கூடாது என்பது முதுகு டாக்டர் உத்தரவு. முக்காமல் முடியாது என்பது வயிற்றின் வாதம். மலமிளக்கி கொடுத்தார்கள், நடக்கவிட்டார்கள், ஊறவைத்த உலர்பழம் கொடுத்தார்கள். கடைசியில் ஒருநாள் காலை காரியம் பூர்த்தியானபோது, அதுவரை சிரிக்காத நர்ஸ் மா சிரித்துவிட்டாள். தாக் அண்ணன் கோபத்தை மறந்து கை தட்டினார். "தம்பி பாஸ்!" என்று கத்தினார். என் வாழ்க்கையில் கல்யாணத்துக்கு அடுத்தபடி அத்தனை பேர் என்னை வாழ்த்தியது அன்றுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பாங் கட்டளைகளைச் சொன்னார். எதிரே நான், என் மனைவி, சாட்சிக்கு நர்ஸ் மா. பிரிவு உபசாரமாகத் தாக் அண்ணன் தன் மூட்டுவலி மாத்திரையில் ஓர் அட்டையை என் பாக்கெட்டில் சொருகியிருந்தார். அதையும் இந்தத் தடவை நானாகவே எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டர் அசந்துபோனார்.

"பரவாயில்லையே! தேறிட்டீங்க. இது வீக்கத்தை அடக்கற மாத்திரை. நல்ல மாத்திரைதான், தப்புச் சொல்லலை. ஆனா எலும்பு ஒட்டறதுக்குக் கொஞ்சம் வீக்கமும் வேணும். அதை அடக்கினா ஒட்டறது தாமதமாகலாம். நான் வச்சிருக்கிறது புதுசா ஊத்தின காங்கிரீட்டு மாதிரி. காயறவரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது. மூலிகையோ, சத்து மாத்திரையோ, பக்கத்து வீட்டுக்காரர் குடுத்த பட்டையோ, எதுவா இருந்தாலும் என்னைக் கேட்காம வாயில போடாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாததை என் மாத்திரையோட கலக்க முடியாது."

அன்றிலிருந்து அப்படியே நடக்கிறேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, எலும்பு கெட்டிப்பட வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி, வலிக்குச் சாதாரண மாத்திரை, இவ்வளவுதான். போன வாரம் படம் எடுத்தார்கள். இரண்டு எலும்புக்கும் நடுவே வெள்ளையாக, கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி, லேசாக ஒன்று தெரிகிறது. "இதுதான். ஒட்ட ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர். யுன்-சொல் அம்மா அந்தப் படத்தைப் பேரப்பிள்ளை படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நேற்று மீன் சந்தைக்கு நடந்து போனேன். வழியில் ஒரு கடை வாசலிலும் உட்காரவில்லை. கடைக்காரர்களுக்கே கொஞ்சம் ஏமாற்றம். சந்தோஷமாக இருக்கிறேன், சம்பந்தி. பொய்யில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் இரண்டாவது பெட்டி வந்தது, "முதல் பெட்டியால் தங்கள் கால்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கேட்டு மகிழ்ந்து இம்முறை வீரியம் கூட்டிக் காய்ச்சச் சொல்லியிருக்கிறேன்" என்று தாங்கள் எனக்கு எழுதிய கடிதத்தோடு. படித்ததும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"பந்தயக் குதிரை! வாங்க, வந்து குடிங்க! வினையை விலை கொடுத்து வாங்கலை நீங்க, தபால்தலை ஒட்டி வாங்கியிருக்கீங்க."

"இப்ப என்னடி பண்றது?"

"குடிச்சேன், அமிர்தமா இருந்துச்சுன்னு எழுதிட்டுச் சாக்கடையில ஊத்துங்க."

"அப்படி எழுதினா மூணாவது பெட்டி வரும்."

அவள் பெட்டியை மறுபடி மூடினாள். அவளுக்கும் தெரியும். ஆகவே துணிந்து எழுதுகிறேன். தங்கள் அன்பின் மேன்மையை அளக்க என்னிடம் படி இல்லை. தங்கள் வைத்தியரின் கைராசியில் எனக்குக் குறை கிடையாது. எனினும், டாக்டர் பாங்கின் கடுமையையும் காங்கிரீட்டின் நிலையையும் உத்தேசித்து, மேற்கொண்டு தங்கள் அன்பைப் பெட்டி ரூபத்தில் அனுப்புவதைச் சிறிது காலத்துக்கு ஒத்திவைத்து, மனத்தின் ரூபத்திலேயே அனுப்பிவைத்தால், அதையும் நான் வேளை தவறாமல் உட்கொள்வேன் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதில் வருத்தம் ஏதும் இருந்தால் அது என்னோடு நிற்கட்டும். யுன்-சொல்மேல் விழ வேண்டாம். அவள் அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள். அதைக் கெடுத்தவன் அப்பன்தான் என்று ஆகிவிடக் கூடாது.

தங்கள் வீட்டுப் பூசை விளக்கு அணையாமலும், தங்கள் வம்சம் பெருகியும், தங்கள் வீட்டுக் கூரையில் ஓர் ஓடும் நழுவாமலும் இருக்க வேண்டுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளையை மெதுவாக வண்டி ஓட்டச் சொல்லவும். அவருக்கு உரிமம் கொடுத்தது நான் இல்லை.

இங்ஙனம்,
மனத்தளவில் குனிந்திருக்கும்
பியோ ஜே-குவான்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீண். நான் உறைக்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. திறந்தால் தாங்கள்! தொப்பியும் நீளக் கோட்டுமாக, முன்னறிவிப்பில்லாமல், கையில் மூன்றாவது பெட்டியோடு. என் மனைவி ஏப்ரனோடு உள்ளே ஓடியவள் நல்ல உடுப்போடு திரும்பி வந்தாள். தாங்கள் தரையில் நேராக, அசையாமல், ஆந்தோங் முறைப்படி மண்டியிட்டு உட்கார்ந்தீர்கள். இரண்டு கையாலும் இந்தக் கடிதத்தை நீட்டினேன். தாங்கள் ஒரு வரி விடாமல் படித்து முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப அந்தக் குதிரைக் கால்?" என்றீர்கள்.

"பொய் சம்பந்தி."

"கொஞ்சம்கூட?"

"அதை எழுதறப்ப ஒரே ஒரு பாக்கெட்தான் குடிச்சிருந்தேன்."

தாங்கள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கடிதத்தை மடித்தீர்கள். "எனக்கு வசந்தகாலத்திலேர்ந்தே கால் மரத்துப்போகுது சம்பந்தி. எங்க ஊர் ஆஸ்பத்திரியில ஆபரேஷன்னு சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்க கடிதம் வந்துச்சு. இதுக்கு இதுதான் மருந்துன்னு நானும் அதையே காய்ச்சச் சொல்லிக் குடிக்க ஆரம்பிச்சேன். மூணு மாசமாச்சு. உங்களுக்கு ரெண்டாவது பெட்டி அனுப்பினது, வழி காட்டினீங்களேன்னு நன்றிக்கு. இந்தப் பெட்டி உங்களுக்கில்ல, என்னோடது. எனக்கு மட்டும் ஏன் கேட்கலைன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தி, என் மரியாதைக்கு இடியே விழட்டும். தாங்கள் எழுந்திருக்கப் பார்த்தபோது இடது பாதம் சொன்னபடி கேட்காததை என் கண்ணாலேயே பார்த்தேன். எத்தனையோ பேர் பாதத்தைக் கவனித்தே சம்பளம் வாங்கியவன் நான், எனக்குத் தெரியாதா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் மா எடுத்தாள். பாதம் தொங்கினால் தாமதிக்கக் கூடாது, நாளைக் காலை முதல் ஆளாகக் கூட்டி வாருங்கள், அதற்குள் காலில் பலம் மொத்தமாக விட்டாலோ சிறுநீர் தடைபட்டாலோ உடனே வந்துவிடுங்கள், குடிப்பதை இப்போதே நிறுத்துங்கள், பெட்டியையும் கையோடு கொண்டு வாருங்கள் என்றாள். நான் சொன்னதும் தாங்கள் தலையசைத்தீர்கள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "சம்பந்தி, தப்பா நினைக்கலைன்னா, கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்றீர்கள்.

இப்போது தாங்கள் அடியில் சூடேற்றிய எங்கள் வீட்டுத் தரையில், என் போர்வையில், கோட்டோடு உறங்குகிறீர்கள். நான் பக்கத்தில் படுத்தபடியே இதை எழுதுவதால் எழுத்து கோணல். வீட்டுக்குத் தாங்கள் சொல்ல மாட்டீர்களாம், இந்தக் கடிதத்தையே இன்றிரவே போனில் படம் எடுத்து அனுப்பி, யுன்-சொல் மூலமாகக் காட்டச் சொல்லிவிட்டீர்கள். ஆகவே மீதி சம்பந்தியம்மாவுக்கு.

சம்பந்தியம்மா, அவர் இங்கே பத்திரமாக இருக்கிறார். சூப்பு குடித்தார். டாக்டர் பாங் திட்டுவார், ஆனால் கைராசியான மனிதர். சம்பந்திக்குத்தான் பயமாக இருக்கிறது. நாளைக்குத் தாங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. முதல் வண்டியில் புறப்பட்டு வாருங்கள். வெறுங்கையோடு வாருங்கள்.